தாம்பாளத்தில் ஒரு ஸ்ரீரங்கம்

ஸ்ரீரங்கம்
19-6-1967

அன்புள்ள அக்னஸுக்கு,

ரங்கநாயகி எழுதுகிறேன். எந்த ரங்கநாயகி என்று யோசிக்க வேண்டாம். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ரங்கநாயகி மேல்தான் விழ வேண்டும் என்பது வாஸ்தவம். ஆனால் எக்ஸாமினர் கண்ணெதிரே ஸ்ரீரங்கத்தையே தண்ணீரில் மூழ்கடித்தவள் நான் ஒருத்திதான்.

பதினைந்து வருஷமாகிறது நாம் பேசி. சண்டை போட்டவர்கள் ஒருத்தி ரங்கூன், ஒருத்தி லண்டன் என்று போய் உட்கார்ந்தால் அதில் ஒரு கௌரவம் உண்டு. நாம் என்னடாவென்றால் நீ பாலக்கரை, நான் ஸ்ரீரங்கம். நடுவில் ஒரு டவுன் பஸ். அதில் ஏறாமலே தலையில் நரை வந்துவிட்டது. எனக்கு வந்திருக்கிறது. உனக்கு வந்திருந்தாலும் எண்ணெய் தடவி இழுத்துச் சீவி அடக்கியிருப்பாய்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் டிரெயினிங்கில் பிராக்டிகலில் மட்டும் தவறிப் போய் வீட்டுக்கு வந்தேன். கல்யாணம் ஆனது. ஒரு மகள். அவர் காலமாகி ஆறு வருஷம். அப்பாவின் பாத்திரக்கடையை இப்போது அண்ணன் பார்க்கிறான், நானும் மகளும் கடைக்குப் பின்னால் இருக்கிறோம். அண்ணி நல்லவள்தான். ஆனால் விற்காத குண்டானைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பாள். அதிலிருந்து தப்பிக்க இங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ரிஜிஸ்டரில் என் பேருக்கு எதிரே 'பயிற்சி பெறாதவர்' என்று இருக்கும். ஐந்து வருஷமாக அரை டீச்சர்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "ரங்கநாயகியம்மா, அடுத்த வருஷத்திலேருந்து பயிற்சி இல்லாதவங்களை வெச்சுக்க முடியாதுங்க. சர்ட்டிபிகேட் இருந்தா இருங்க, இல்லேன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்லே" என்றார். எழுத்துப் பரீட்சை எல்லாம் அந்தக் காலத்திலேயே பாஸ் செய்தவள் நான். பாக்கி அந்த ஒரே பிராக்டிகல்தான்.

நீ நம் பழைய டிரெயினிங் ஸ்கூலை ஒட்டியிருக்கும் மாதிரிப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பிராக்டிகலை மட்டும் நான் மறுபடி எழுத முடியுமா என்று ஆபீஸில் விசாரித்துச் சொல்வாயா? தீவுப் பாடத்துக்கு நான் செய்து, நீ வார்னிஷ் பூசித் தருவதாகச் சொன்ன களிமண் ஸ்ரீரங்கம் ஏன் கரைந்தது என்று கேட்கப் போவதில்லை. கேட்காமல் இருப்பேன் என்று எழுதும்போதே கேட்டுவிட்டேன், பார். வாய் அப்படி.

இப்படிக்கு,
ரங்கநாயகி

*

சேசு மரி சூசை துணை

பாலக்கரை
3-7-1967

திருமதி ரங்கநாயகி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கணவர் காலமானதை அதில்தான் அறிந்தேன். வருந்துகிறேன்.

ஆபீஸில் விசாரித்தேன். நாம் படித்த நாளில் எட்டாவது முடித்தவர்கள் ஹையர் கிரேடிலும், எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் செகண்டரி கிரேடிலும் சேர்ந்து இரண்டு வருஷம் படித்தோம். இப்போது எட்டாவதோடு வருபவர்களைச் சேர்ப்பதில்லை. புதிதாகச் சேர்வதென்றால் தாங்கள் மறுபடியும் இரண்டு வருஷம் ஹாஸ்டலில் இருக்க வேண்டும். தங்கள் வயதில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். செய்முறையில் மட்டும் தவறியவர்கள் மனு கொடுத்து அதை மட்டும் எழுதலாம். பழைய பாடத்திட்டத்தில் வரும் ஏப்ரல்தான் கடைசி என்று கிளார்க் சொல்கிறார். மனுவோடு நாற்பது பாடக்குறிப்புகள் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வுப் பாடம் மாதிரிப் பள்ளியில் நடக்கும். எந்த வகுப்பு என்பது அப்போதுதான் தெரியும்.

விண்ணப்பப் படிவம் இத்துடன் இருக்கிறது. பழைய விஷயங்களைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை.

அக்னஸ் சவரிநாதன்

*

ஸ்ரீரங்கம்
9-7-1967

அன்புள்ள அக்னஸ்,

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாயே, படித்துவிட்டு எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

படிவம் பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே ஆபீஸில் கொடுத்துவிடு. வயது என்ற இடத்தில் நாற்பது என்று போடக் கை வரவில்லை. முப்பத்தொன்பது முடிந்தது என்று போட்டேன். இரண்டும் ஒன்றுதான், ஆனால் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நாற்பது பாடக்குறிப்பு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நோக்கம், ஆயத்தம், பாடம் வழங்குதல், தொகுத்தல் என்று கோடு போட்டு எழுதும்போது மூக்கில் அந்த ஹாஸ்டல் வாசனை வருகிறது. ரசமும் பினாயிலும் கலந்த வாசனை. கூடத்தில் வரிசையாகப் பாய். உன் பாய் சுவர் ஓரம், பக்கத்தில் என் பாய். ஞாபகம் இருக்கிறதா, தக்ளியில் நூல் நூற்றால்தான் ஆசிரியை ஆகலாம் என்று சொல்லி நம்மைச் சுற்ற விட்டார்களே. நீ சேமியா மாதிரி சன்னமாக நூற்பாய். என் நூலைப் பார்த்த கைத்தொழில் டீச்சர், "இது நூலா, கிணத்துக் கயிறா?" என்றார். நீ உன் நூல் சிட்டத்தில் இரண்டை என் கணக்கில் வைத்துக் காப்பாற்றினாய். லால்குடியிலிருந்து வந்த வேலம்மாள் தோட்டவேலைப் பாடத்தில், கத்தரிச் செடியை நட்டுவைத்த ஆறாம் நாளே கடையில் காய் வாங்கிச் செடியில் கட்டித் தொங்கவிட்டாளே. பாவம், அவள் இப்போது ஹெட்மிஸ்ட்ரஸாம்.

எல்லாவற்றையும்விட அந்த வெள்ளிக்கிழமை விமர்சன வகுப்பு. ஒருத்தி பாடம் நடத்துவாள், முப்பத்தைந்து பேர் பின் பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்து குற்றம் எழுதுவோம். முதலில் நிறை, பிறகு குறை என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். நீ எழுந்தாலே நடத்தியவளுக்குக் கால் நடுங்கும். "நிறை: குரல் கேட்டது. குறை:" என்று ஆரம்பித்தாயானால் மணி அடிக்கும்வரை உட்கார மாட்டாய். மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள் அதைவிட. ஒரே பாடத்தை வருஷத்துக்கு இருபது பேர் நடத்திக் கேட்டவர்கள். நான் காக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நிற்கிறேன், முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாக, "டீச்சர், இப்ப படம் காட்டணும்" என்றாள்.

என் பாடக்குறிப்பில் பத்தை அனுப்புகிறேன். சிவப்பு மையில் கிழித்துத் தள்ளு. எனக்கு இங்கே குறை சொல்ல அண்ணி மட்டும்தான் இருக்கிறாள், அவளுக்கு முறை தெரியாது. நிறை சொல்லாமல் நேரே குறைக்குப் போய்விடுகிறாள்.

ரங்கா

*

சேசு மரி சூசை துணை

பாலக்கரை
22-1-1968

ரங்கநாயகிக்கு,

நவம்பரிலும் டிசம்பரிலும் அனுப்பிய பாடக்குறிப்புகளைத் திருத்தி அனுப்புகிறேன். மொத்தத்தில் தேறும். நோக்கம் என்ற இடத்தில் 'பிள்ளைகள் தூங்காமல் பார்த்துக்கொள்வது' என்று எழுதியதை அடித்திருக்கிறேன். மீன்களைப் பற்றிய பாடத்தில் துணைக்கருவி 'அக்னஸ் வீட்டு வெள்ளிக்கிழமைக் குழம்பு' என்று இருந்தது. அதையும் அடித்தேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, யார் இந்த அம்மா, ஒரு நாள் வரச் சொல்லு என்றார்.

ஒரு விஷயம். எக்ஸாமினருக்கு முன்னால் நடத்தும் பாடத்தின் தலைப்பைத் தேர்வு செய்துகொள்ளும் சலுகை பழைய மாணவிகளுக்கு உண்டு. நீங்கள் 'தீவு' என்ற தலைப்பையே போட்டிருக்கிறீர்கள். வேறு ஏதாவது எடுக்கலாம் என்பது என் யோசனை. கோமுகி நதி, சூரிய கிரகணம், எவ்வளவோ இருக்கின்றன.

ஏப்ரல் 18 தேர்வு. நாலாம் வகுப்புதான் தருகிறார்கள், என் வகுப்பு. ஒருமுறை நடத்திப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். பிப்ரவரி 24 சனிக்கிழமை வேலை நாள், அன்று வாருங்கள். அன்று எனக்கு லீவு. பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்னஸ்

*

ஸ்ரீரங்கம்
25-2-1968

அக்னஸ்,

நேற்று வந்தேன். பஸ்ஸில் வரும்போதே டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்துவிட்டேன், பரீட்சை பயம் என்று நினைத்தேன். இல்லை, உன்னைப் பார்க்கப் போகிறோமே என்று. நீ லீவு என்று எழுதியிருந்தும், வாசலில் நிற்பாய் என்று ஒரு நப்பாசை. நீ நிற்கவில்லை.

போகட்டும். வகுப்புக்குள் போனேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், கையைக் கட்டிக்கொண்டு கல்லறையில் வைத்த சிலை மாதிரி. என்னிடம் இருக்கும் சரக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால் பெஞ்சுக்கு அடியில் உருண்டிருக்கும். இதுகள் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு பையனுக்குக் கன்னம் உப்பிக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சிரிக்கவில்லை. எனக்கு வியர்த்துப் போய், சொல்ல வந்ததை மறந்து, கரும்பலகையில் காவிரியை வடக்கேயும் கொள்ளிடத்தைத் தெற்கேயும் போட்டேன். பிறந்து வளர்ந்தவள் போடும் படமா இது?

மணி அடித்ததும் வள்ளிக்கண்ணு என்று ஒரு பெண், இரட்டைச் சடை, என் பின்னாலேயே வந்தாள். "டீச்சர், நீங்க நல்லா சொன்னீங்க" என்றாள்.

"நல்லா சொன்னேன்னா ஏன்டி கண்ணு யாரும் சிரிக்கலே?"

"அக்னஸ் டீச்சர்தான் சொன்னாங்க. ஸ்ரீரங்கம் டீச்சர் என்ன சொன்னாலும் சிரிக்கக் கூடாது, சிரிச்சா ஸ்கேல் எடுப்பேன்னு. ஒரு வாரமா பழக்கினாங்க டீச்சர்."

ஒரு வாரம் பழக்கினாயா? ஏன்? நான் இன்னொரு தடவை விழுவதைப் பார்க்கவா? எனக்கு உத்தியோகம் போனால் அண்ணன் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து புளி போட்டுப் பித்தளை தேய்க்க வேண்டும். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தேய்ப்பாள். இது உனக்கு விளையாட்டா?

இனி பாடக்குறிப்பு திருத்த வேண்டாம்.

ரங்கநாயகி

*

சேசு மரி சூசை துணை

பாலக்கரை
2-3-1968

ரங்கா,

உன் கடிதத்தை நாலு நாளாகக் கையிலேயே வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஜெபம் சொல்லும்போதுகூட.

ஆபீஸில் உன் மனுவைக் கொடுக்கும்போது கிளார்க் பழைய கட்டை எடுத்தார். 1952 மார்க் தாள் மேலே இருந்தது. பார்த்துவிட்டேன். துணைக்கருவிக்கு உனக்கு மார்க் குறையவே இல்லை ரங்கா. பத்துக்கு ஆறு போட்டிருந்தார்கள். வகுப்புக் கட்டுப்பாடு என்ற இடத்தில் பூஜ்யம். பக்கத்தில் 'மாணவர் பெருஞ்சிரிப்பு' என்று எழுதியிருந்தது. கிளார்க்தான் கதையைச் சொன்னார். அன்று ஸ்ரீரங்கம் கரைந்தபோது ஒரு பிள்ளை, பெருமாள் என்ன ஆவார் டீச்சர் என்று கேட்டானாமே. நீ, "அவர் பாற்கடலிலேயே படுத்துப் பழகினவர்ப்பா, நாமதான் நீச்சல் கத்துக்கணும்" என்றாயாமே. வகுப்பே சிரித்து, எக்ஸாமினரும் சிரித்து, சிரித்துக்கொண்டே உன்னைப் பெயில் போட்டிருக்கிறார்.

அதனால்தான் பிள்ளைகளைப் பழக்கினேன். யாரும் சிரிக்காவிட்டால் நீ பாஸ். அவ்வளவுதான் என் கணக்கு. உன்னிடம் சொன்னால் வேண்டுமென்றே சிரிக்க வைப்பாய் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எப்போதோ சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. என் அண்ணன் தச்சுப்பட்டறையிலிருந்து கொண்டுவந்த வார்னிஷ் ஒரு சின்ன டப்பாதான். நம் இருவர் மாடலுக்கும் ஒரு பூச்சு வரும். என் களிமண் மலைக்கோட்டைக்குத் தண்ணீர் படும் வேலையே இல்லை. ஆனாலும் ஒரு பூச்சு பூசினேன், பளபளப்பாக இருந்தது. இரண்டாவது பூச்சும் பூசினேன். டப்பா காலி. காலையில் உன் ஸ்ரீரங்கத்தைத் தாம்பாளத்தோடு உன் கையில் கொடுத்தபோது, காய்ந்துவிட்டதா என்று கேட்டாய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வகுப்பில் நீ முதல் மார்க் வாங்குவாய் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு காரணம் இல்லை.

அக்னஸ்

*

(கார்டு)

ஸ்ரீரங்கம்
11-3-1968

அக்னஸ்,

கார்டில் எழுதுகிறேன். எங்கள் போஸ்ட்மேன் படித்துவிட்டுத்தான் போடுவார், படிக்கட்டும்.

வார்னிஷ் பூசவில்லை என்று அன்று காலையே எனக்குத் தெரியும். பாத்திரக்கடைக்காரன் மகளுக்குப் பளபளப்பு தெரியாதா? உன் மலைக்கோட்டை கண்ணைப் பறித்தது, என் ஸ்ரீரங்கம் வறட்டி மாதிரி இருந்தது. பிறகு ஏன் தண்ணீர் ஊற்றினாய் என்பாய். பாடக்குறிப்பில் மூன்றாம் படி 'நீர் ஊற்றிக் காட்டுதல்' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டதே. டிரெயினிங்கில் இருப்பவளுக்கு ஊர் மூழ்கினாலும் படி தவறக் கூடாது.

நான் கோபப்பட்டது அதற்கில்லை. அழுதுகொண்டு வராந்தாவுக்கு வந்தேன். இரண்டு வருஷம் பக்கத்துப் பாயில் படுத்தவள் அங்கே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தாய். அதற்குத்தான்.

தலைப்பு தீவுதான். மாற்ற மாட்டேன். பிள்ளைகளிடம் சொல்லிவிடு, சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும்.

ரங்கா

*

சேசு மரி சூசை துணை

பாலக்கரை
18-4-1968, மாலை

ரங்கா,

பாஸ்குத் திருநாள் பலகாரம் வீட்டில் இன்னும் இருக்கிறது, ஒன்றும் இறங்கவில்லை.

பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. நீ கேட்டும் சொல்லவில்லை. பயம். கையைக் கட்டி உட்கார வைத்துவிட்டு, வகுப்பு ஆசிரியை என்ற முறையில் பின்னால் நாற்காலி போட்டு எக்ஸாமினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நீ உள்ளே வந்தாய். பருத்திருக்கிறாய். நரை இருக்கிறது. கையில் அதே தாம்பாளம் என்று நினைக்கிறேன், விளிம்பில் அந்த நசுங்கல் இருந்தது. மேலே துணி. ஆயத்தம் சரியாகச் செய்தாய். கேள்விகள் சரி. கரும்பலகையில் காவிரி தெற்கே, கொள்ளிடம் வடக்கே. பிறகு துணியை எடுத்தாய்.

தாம்பாளத்தின் நடுவில் அம்மிக் குழவி.

நீட்டமாக, இரண்டு பக்கமும் கூம்பி, அச்சாக நம் தீவு மாதிரியே. உச்சியில் ஒரு சாக்பீஸ், கோபுரம். ஓரத்தில் மிளகாய் மஞ்சள். கழுவினாயா இல்லையா? நீ நீலம் கலந்த தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "பிள்ளைங்களா, இந்த ஸ்ரீரங்கம் எந்த வெள்ளத்திலேயும் கரையாதுங்க. எங்க அண்ணியே அரைச்சுப் பார்த்துட்டாங்க" என்றாய்.

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

நிறுத்த முடியவில்லை ரங்கா. புடவைத் தலைப்பை வாயில் அடைத்தேன், மூக்கு வழியாக வந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. டீச்சரே சிரிக்கிறாங்க என்று வள்ளிக்கண்ணு சொன்னது கேட்டது. அப்புறம் வகுப்பே சிரித்தது. எக்ஸாமினர் பேனாவைத் தட்டி, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளை வெளியே நிற்க வைத்தவள், நின்றேன்.

வராந்தாவில் நின்றால் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. ஏதோ ஒரு பிள்ளை கேட்கிறாள், நீ ஏதோ சொல்கிறாய். திடீரென்று உள்ளே ஓர் ஆண் குரல், பெரிய சிரிப்பு. எக்ஸாமினர். அன்றைக்கும் அவர்கள் சிரித்துவிட்டுத்தானே பூஜ்யம் போட்டார்கள். உன் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. மாதா கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடியும் நிற்காமல் போனேன். இந்த முறை என் சிரிப்பால்தான் கெட்டது. கடைசியில் என்ன ஆயிற்று என்று எழுது. எழுதாவிட்டாலும் நான் கேட்க முடியாது.

அக்னஸ்

*

ஸ்ரீரங்கம்
21-5-1968

என் அக்னஸ்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. கொஞ்சம் நீயும் தவிக்கட்டுமே என்று ஒரு பாதி. மறு பாதி, எக்ஸாமினர் சிரித்தது பாஸுக்கா பெயிலுக்கா என்று ரிசல்ட் வராமல் என்னாலும் எழுத முடியவில்லை.

மணி அடித்து வெளியே வந்தேன். வராந்தாவில் நீ இல்லை. உன் செருப்பு மட்டும் இருந்தது. செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியிருக்கிறாய், போன தடவை பெட்டியையாவது எடுத்துக்கொண்டாய். பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. வெயில் அடிக்கிறதே, அந்தச் சூட்டில் எப்படி நடந்து போனாள் என்றுதான் தோன்றியது. நாற்பது வயதானால் கோபத்துக்கும் மூச்சு வாங்கும் போலிருக்கிறது. செருப்பை எடுத்து உள்ளே, உன் நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

நீ வெளியே போன பிறகு நடந்தது இதுதான். பிள்ளைகள் சிரித்து ஓயட்டும் என்று நானும் நின்றேன். ஓய்ந்தது. தொகுத்தலுக்கு வந்து, "நாலு பக்கமும் தண்ணி சூழ்ந்த நிலம்தான் தீவு" என்று எழுதிப் போட்டேன். உன் வள்ளிக்கண்ணு கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஸ்ரீரங்கத்துக்குத்தான் பாலம் இருக்கே. பாலத்துலேயே நடந்து போயிடலாமே. அப்புறம் எப்படி அது தீவு?"

இதற்குப் பதில் நாற்பது பாடக்குறிப்பிலும் இல்லை, உன் சிவப்பு மையிலும் இல்லை. சமாளிக்கலாமா என்று பார்த்தேன், எக்ஸாமினர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். "எனக்குத் தெரியலையே கண்ணு. நீ என்ன நினைக்கிறே?" என்றேன். தேர்வில் டீச்சர் தனக்குத் தெரியாது என்று சொன்னால் எத்தனை மார்க் போகும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

அவள் சடையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "கடைசி பஸ் போற வரைக்கும் ஊரு டீச்சர். அது போயிட்டா தீவு" என்றாள்.

அதற்குத்தான் அந்த மனிதர் சிரித்தார். பேனா கீழே விழுந்து, ஒரு பையன் எடுத்துக் கொடுத்தான். அவருக்கும் இந்தப் பக்கம்தான் வீடாம், திருவானைக்காவலாம். போகும்போது என்னிடம், "அம்மா, போன மாசம் கடைசி பஸ்ஸைத் தவற விட்டுட்டு மெயின்கார்டு கேட்டுலேருந்து நடந்தே வந்தேங்க. அந்தப் பொண்ணு சொன்னது சத்தியம்" என்றார். பாஸா பெயிலா என்று சொல்லாமலே பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து குழவியை அம்மியில் திருப்பி வைத்துவிட்டு, ஒரு மாதம் அண்ணி முகத்தைப் பார்க்காமலே அரைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மேனேஜர் ரிஜிஸ்டரைத் திறந்து, 'பெறாதவர்' என்பதில் நடு எழுத்துகளை அடித்து, என் முன்னாலேயே 'பெற்றவர்' என்று எழுதினார். என் கையெழுத்தும் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். "என்னங்க, முதல் நாள் ஸ்கூலுக்கு வந்த பிள்ளை மாதிரி" என்றார்.

பாஸ், அக்னஸ். வகுப்புக் கட்டுப்பாட்டுக்கு என்ன மார்க் என்று கிளார்க்கிடம் பார்த்துச் சொல்லு, ஆசையாக இருக்கிறது. இந்த ஆள் சிரித்தும் சிரித்தார், பாஸும் போட்டார்.

உன்
ரங்கா